வதைத்தது என்றே வாதாடுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"தங்க வேட்டை கலிபோர்னியாவை வாழவைத்ததா, வதைத்ததா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்காட்டினார். 1848-இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்த ஊர், இரண்டே ஆண்டுகளில் 25,000 பேர் வாழும் நகரமானது. 1850 செப்டம்பரில் கலிபோர்னியா தனி மாநிலமே ஆகிவிட்டது என்றார். உண்மைதான். மாலுமிகள் தங்கம் தேடி ஓடிவிட, அவர்கள் விட்டுப்போன கப்பல்களைக் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாற்றிக்கொண்ட ஊர் அது. அந்த வேகத்தை நான் மறுக்கவில்லை. அது யாருடைய மண்ணில் நடந்தது என்று கேட்கிறேன்.

1848 ஜனவரி 24 அன்று, ஜான் சட்டருக்காகக் கட்டப்பட்ட மர அறுவை ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைக் கண்டார். கொலோமா என்ற அந்த இடம் நிசெனான் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அந்தக் கோடையில் தங்க வயல்களைச் சுற்றிப் பார்த்த இராணுவ ஆளுநர் மேசன் என்ன எழுதினார் தெரியுமா? சுமார் நாலாயிரம் பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள் என்று எழுதினார். தொடக்கத்தில் ஆற்றில் இறங்கி மணலைச் சலித்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே!

மறு ஆண்டு பெருங்கூட்டம் வந்தது. அந்த மக்கள் தங்கள் ஆற்றங்கரையிலிருந்தே விரட்டப்பட்டார்கள். 1850-இல் அவர்களின் 'பாதுகாப்புக்காக' ஒரு சட்டம் பிறந்தது. வேலையின்றித் திரிகிறார் என்று ஒரு பூர்வகுடியைப் பிடித்து, அவர் உழைப்பை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விடலாம். அவர் சாட்சி சொன்னால் அதை வைத்து எந்த வெள்ளையரையும் தண்டிக்க முடியாது. பாதுகாப்பாம்! 1851-இல் ஆளுநர் பீட்டர் பர்னெட், அந்த இனம் அழியும்வரை போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் எனச் சட்டமன்றத்துக்கு அறிவித்தார். வேட்டையாடப் போன படைகளுக்கு மாநிலக் கருவூலமே பணம் கொடுத்தது. தங்கம் கிடைப்பதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை இலட்சமாக இருந்த பூர்வகுடிகள், 1870-இல் சுமார் 30,000 பேராகக் குறைந்தார்கள். நோயும் பசியும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த வேலை இது. நண்பர் படித்த மக்கள்தொகைக் கணக்கில் இந்த வரி எங்கே போயிற்று?

வந்தவர்களாவது வாழ்ந்தார்களா? கடல் கடந்து வந்த சீனர்களிடம் மாதந்தோறும் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி வசூலித்தார்கள். வசூலிக்க வருபவரே கொள்ளையடித்தாலும் வழக்குத் தொடுக்க வழியில்லை. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று 1854-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உழவர்களின் கதையையும் கேளுங்கள். ஆற்றுமணலில் தங்கம் தீர்ந்ததும், பெரிய கம்பெனிகள் குழாய்முனையிலிருந்து பீரங்கி போலத் தண்ணீரைப் பாய்ச்சி மலைகளையே கரைத்தன. கரைந்த மண் யூபா ஆற்றில் இறங்கி, ஆற்றுப்படுகை உயர்ந்தது. வெள்ளம் கரை தாண்டி, விளைநிலங்களைச் சேற்றால் மூடியது. அந்த ஆற்றங்கரை ஊரான மேரிஸ்வில் மக்கள் ஆண்டுதோறும் கரையை உயர்த்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டு, 1884-இல் நீதிபதி சாயர் அந்தக் கழிவை ஆற்றில் தள்ளத் தடை விதித்தார். மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கக் கொட்டிய பாதரசம் இன்றும் அந்த ஆறுகளில் கிடக்கிறது. அங்கு பிடிக்கும் மீன்களை எவ்வளவு உண்ணலாம் என்று அரசே எச்சரிக்கை விடுகிறது.

2019-இல் கலிபோர்னியாவின் ஆளுநர், அந்நாட்களில் நடந்ததை இனப்படுகொலை என்றே பெயர் சொல்லிப் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாநிலமே ஒப்புக்கொண்ட ஒன்றை, வாழவைத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி, சான் பிரான்சிஸ்கோவை ஒதுக்கிவைத்து, நிசெனான் மக்களைப் பற்றிப் பேசிப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.