மூட்டு வலி: உட்காருவதா, நடப்பதா?

நேயர்களுக்கு வணக்கம். மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னதும் பலர் செய்யும் முதல் காரியம், நடையைக் குறைப்பது. 'இருப்பதையாவது தேயாமல் காப்பாற்றிக்கொள்வோம்' என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது தளர்ந்து, பஞ்சைப் போல அந்தத் திரவத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் இது குறையும், தொடைத் தசையும் மெலியும். தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே விழும். வலி கூடும். வலிக்கிறதே என்று இன்னும் உட்காருவோம்.

எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு சிலர் வலியின்றி நடக்கிறார்கள். படத்தைவிடத் தொடையைத் தொட்டுப் பார்ப்பதில்தான் எனக்கு அக்கறை.

முழங்கால் வலிக்கு எளிய பயிற்சி ஒன்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போடக் கூடாது. இறக்கும்போதும் தசை வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. பழகியபின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வரை பொறுக்கலாம்? மறுநாள் காலையைப் பாருங்கள். வலி பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் அளவு சரி. கூடியோ வீங்கியோ இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே கைவிடுபவர்கள்தான் அதிகம்.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கைத்தடியைப் பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கும் காலோடு சேர்ந்து தடியும் முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை.

மருந்து என்றால், முழங்காலுக்கு முதலில் மேலே தடவும் வலி நிவாரண ஜெல். வலி மாத்திரைகளை நாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். குருத்தெலும்புக்கு ஊட்டம் என்று விற்கப்படும் குளுக்கோசமின் மாத்திரைக்குச் செலவழிப்பவர்கள் பலர். எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று மருத்துவர்களுக்கு நெறிமுறை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி அதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்கலாம் என்பது என் கட்சி.

மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காலையில் மூட்டு இறுகிக்கொள்வது தேய்மானத்தில் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அதற்கு மேல் நீடித்தால் வேறு வகை மூட்டு வாதமா என்று பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் தூக்கமும் நடமாட்டமும் கெடுகிறதென்றால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றித் தயங்காமல் கேளுங்கள். தொடைப் பயிற்சி அப்போதும் விடாது. புது மூட்டு வைத்தபிறகு படுக்கையிலிருந்து இறக்கிவிட்டு உங்களைச் செய்யச் சொல்வதும் அதைத்தான். வணக்கம்.