உறவு வீட்டுக்குள்ளே, உறக்கம் வேனுக்குள்ளே!

நடுவர் அவர்களே, வணக்கம். படுக்கை, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனில் குடும்பத்தோடு வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள், வழியில் சொந்தக்காரர் வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ போனால் எங்கே படுப்பது? வீட்டுக்குள்ளா, வாசலில் நிற்கும் வேனிலா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா உருக்கமாகக் கேட்டார்: "வீடு தேடி வந்துட்டு வாசல்ல படுத்தா, கூப்பிட்டவங்க மனசு நோகாதா?" எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுக் கணக்குப் போட்டேன்.

வீட்டில் ஒரே குளியலறை. வீட்டார் நான்கு பேர், வந்தவர்கள் நான்கு பேர். ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் காலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கதவு திறக்காது. லீவு நமக்குத்தானே ஐயா, அவர்களுக்கு இல்லையே! ஒருவர் வேலைக்கு ஓட வேண்டும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். போதாததற்கு, யாரோ ஒருவர் தன் அறையை நமக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுப்பார். முதல் நாள் சிரித்துக்கொண்டேதான் படுப்பார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகும் அந்தச் சிரிப்பு இருக்குமா என்பதை எதிரணி விளக்கட்டும்.

நாங்கள் என்ன சொல்கிறோம்? சாப்பாடு வீட்டில். பேச்சு வீட்டில். குளியலும் வீட்டில்தான், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பத்து மணிக்கு மேல். தூக்கம் மட்டும் வண்டியில்.

மனசு எப்போது நோகும் தெரியுமா? மெத்தையெல்லாம் விரித்து வைத்த பிறகு, "இல்ல... நாங்க வண்டியிலேயே..." என்று இழுத்தால் நோகும். இரண்டு நாள் முன்பே போன் போட்டு, "பிள்ளைங்களுக்கு அந்தப் படுக்கை பழகிப்போச்சு, இடம் மாறினா தூங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டால் எதற்கு நோகப்போகிறது? உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூடப் படுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அதே போனில் வண்டியின் உயரத்தையும் சொல்லிவிட வேண்டும். "கார் நிக்கிற இடம்தான், தாராளமா வாங்க" என்பார்கள். கார் ஒன்றரை மீட்டர். உயரக் கூரை வேன் 2.6 மீட்டருக்கு மேல், பெரிய வண்டிகள் 3 மீட்டரையே தொடும். கார் வைத்திருப்பவர் அண்ணாந்து பார்த்திருக்கவே மாட்டார். மரக்கிளை, மாடி விளிம்பு, தொங்கும் கேபிள் எல்லாம் நமக்குத்தான் காத்திருக்கும். கீழேயும் பார்க்க வேண்டும். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறினால் வண்டி மூன்று, மூன்றரை டன். செப்டிக் டேங்க் மூடிமேல் ஏற்றிவிட்டால் விருந்து அன்றோடு முடிந்தது. மழை பெய்த புல்தரையில் ராத்திரி நிறுத்தினால் காலையில் சக்கரம் பாதி உள்ளே இருக்கும். வண்டியின் முன்பக்கம் வெளியே போகும் வழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். தரை சரிவாக இருந்தால் தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு ஆப்பு கொடுங்கள். மிச்சச் சரிவுக்குத் தலைமாட்டை உயரமான பக்கம் வையுங்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, பேசாமல் உள்ளே வந்து படுக்கலாமே" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. அங்கேதான் ஐயா அவர்கள் கோட்டை விடுகிறார்கள்! நீங்கள் வீட்டுக்குள் படுத்தாலும் வண்டியில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி தின்னும்; பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை அளக்கிற கணக்கு அது. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் போகும். வண்டி ஓடாமல், சோலாரும் இல்லாமல் நின்றால் ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான். ஆக, எங்கே படுத்தாலும் வீட்டிலிருந்து வயர் இழுத்தாக வேண்டும். நிறுத்துகிற பாடும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த வயரையும் பார்த்துவிடுவோம். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஐந்து மீட்டர்தான் தேவை என்றாலும் முழுவதையும் வெளியே இழுத்துப் போடுங்கள். சுற்றின் நடுவே சூடு வெளியேற வழியில்லை. லோடு கூடினால் உறையே உருகும். 25 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். 230 வோல்ட் வீட்டில் 10 ஆம்பியர் பாயின்ட் என்றால் மொத்தக் கொள்ளளவே 2,300 வாட். ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகி, வீட்டுக்காரர் இருட்டில் மெயின் பாக்ஸைத் தடவிக்கொண்டிருப்பார்.

உள்ளே படுப்பதால் மிச்சம் ஒன்றுமில்லை, கூடுவது ஒன்று: மூட்டை. நாலு பேர் உடுப்பு, போர்வை, பல் துலக்கும் பிரஷ், மாத்திரை, சார்ஜர், சின்னவன் விடாமல் பிடித்துத் தூங்கும் பொம்மை. வண்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து வண்டிக்கு ஒரு மணி நேரம். முந்நூறு கிலோமீட்டர் போன பிறகு ராத்திரி எட்டு மணிக்குத் தெரியும், பொம்மை மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிறது என்று. நீண்ட பயணத்தில் இது ஒரு தடவையோடு போகாது. ஆறு வீடு என்றால் ஆறு தடவை.

எதிரணியின் வலுவான வாதத்தையும் மறைக்கவில்லை: வண்டிக் கழிப்பறை. பெட்டிபோல் உருவுகிற கழிவுத் தொட்டியில் 17 முதல் 20 லிட்டர்தான் கொள்ளும். நாலு பேருக்கு இரண்டு, மூன்று நாள். அதனால் வரும் வழியிலேயே அதற்குரிய இடத்தில் காலி செய்துவிட்டு வாருங்கள். பகலில் வீட்டுக் கழிப்பறை, ராத்திரிக்கு மட்டும் இது. வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டாதீர்கள். தொட்டியில் ஊற்றுகிற மருந்துகளில் பல, செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றார்கள். எங்கள் வண்டியில் அதற்கு மீட்டரே இருக்கிறது, நடுவரே. அந்தத் தொட்டி நிறைந்தால் கிளம்ப வேண்டும்!

வண்டியில் படுப்பவர்களுக்கு நானே சொல்கிற ஒரு குறை, பக்கக் கதவு. இழுத்துச் சாத்துகிற அந்தக் கதவைப் பதினொரு மணிக்கு "கடகட, டமார்" என்று மூடினால் தெருவே விழிக்கும். வேண்டியதை முன்பே உள்ளே எடுத்துக்கொண்டு ஒரே தடவை மூடுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிஷம். கிளம்பும் காலையில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பக் குடிநீருக்கென்றே உள்ள ஹோஸ் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸில் பிடித்தால் பிளாஸ்டிக் வாடை பயணம் முழுக்கக் கூடவே வரும். அப்புறம், வாசலில் நின்று எல்லோரும் கையாட்டுவார்கள் பாருங்கள், அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் கையில்தான் இருக்கும். வண்டியின் பின்பக்கம் இன்னும் செருகியிருக்கும் வயரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சாவியைப் போடுவதற்கு முன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.