வீரர்களின் ஊர் தேடிப் போகும் பயணமே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களுக்குச் சிறந்த மரியாதை நினைவுத் தூணா, அவர்கள் குடும்பங்களுக்கு நிதி திரட்டியபடி இரு சக்கர வண்டிகளில் அவர்கள் ஊர் தேடிப் போகும் நிதிப் பயணமா என்பது தலைப்பு. பயணமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்வி வைத்தார். நடுகல்தானே நம் மரபு? பெட்ரோல் காசை அப்படியே குடும்பத்துக்குக் கொடுத்தால் என்ன? வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மறுநாள் யார் இருப்பார்?

மரபையே எடுத்துக்கொள்வோம். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நடுவது நான்காவதுதான் ஐயா! கல்லைத் தேடிக் காண்பதுதான் முதல் நிலை. கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம் வரை போனான். நம் காலத்திலும் அதுதான் நடந்தது. 2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின், அதாவது சிஆர்பிஎஃப்-இன், 40 வீரர்களை இழந்தோம். பெங்களூரைச் சேர்ந்த உமேஷ் கோபிநாத் ஜாதவ் 61,000 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி, அந்த வீரர்களின் வீட்டு வாசல் மண்ணைத் திரட்டி, மறு ஆண்டு அதே நாளில், தாக்குதல் நடந்த லெத்பொராவில் ஒப்படைத்தார். அங்கே இருக்கும் நினைவிடத்துக்கு மண் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு பயணம்தான்.

அடுத்து பெட்ரோல். ஆயிரம் கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 40 ஓடும் வண்டி 25 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,500 ரூபாய். இது ஓட்டுபவர் பையிலிருந்து வர வேண்டும். தங்கும் செலவும் பேனர் செலவும் அப்படியே. நிதியில் ஒரு ரூபாய் தொடக்கூடாது என்பது புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டிய விதி. உண்டியல் குலுக்குவதும் வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது, கணக்கும் குழம்பும். நிதியின் வங்கிக் கணக்குக்கே நேரே போகும் க்யூஆர் அட்டை போதும்.

எந்த நிதி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்களூர், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்த ராணுவ ஹவில்தார் பழனியின் ஊர். முப்படை வீரர்களின் குடும்பங்களுக்குக் கொடிநாள் நிதி இருக்கிறது, மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சவலப்பேரியும் அரியலூர் மாவட்டம் கார்குடியும் புல்வாமாவில் உயிர் நீத்த சிஆர்பிஎஃப் வீரர்களின் ஊர்கள். சிஆர்பிஎஃப் முப்படையில் சேராது. அவர்களுக்கு உரியது, துணை ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு நன்கொடை சேர்க்கும் 'பாரத் கே வீர்' இணையதளம்; அதில் ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் வரை என்று வரம்பு உண்டு. இது தெரியாமல் மேடையில் தொகை அறிவித்துவிட்டு வந்தால், அந்தக் குடும்பம் தவறான அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும்.

இதெல்லாம் வெறும் ஆரவாரம் என்றும் எதிரணியில் சொன்னார்கள். முறையாக நடத்தினால் ஆரவாரத்துக்கு இடமே இல்லை. பத்து வண்டிக்கு ஒரு குழு, குழுக்களுக்கு இடையே கால் மணி நேரம், முன்னால் வழிகாட்டி ஒருவர், கடைசியில் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர். ஒரு நாளுக்கு 150 முதல் 200 கிலோமீட்டர், இரண்டே ஊர். மூன்றாவது ஊரைச் சேர்த்தால் வரவேற்புகள் நீண்டு, கடைசி ஊரில் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். வண்டிகள் ஊர் எல்லையிலேயே நிற்க வேண்டும். வீட்டுக்கு நான்கு பேர் நடந்து போனால் போதும், அதுவும் முன்கூட்டியே சம்மதம் கேட்டு. மனைவி ஓர் ஊரிலும் பெற்றோர் இன்னோர் ஊரிலும் இருந்தால் இரண்டு வாசலுக்கும் போக வேண்டும். தேசியக் கொடியை வண்டியில் கட்டவே கூடாது. 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்புப்படி, காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. வண்டி முகப்பில் போர்த்துவதும் தவறு.

அந்த நான்கு பேர் உள்ளே போய் என்ன செய்வார்கள்? பயணத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ராணுவக் குடும்ப ஓய்வூதியம் இப்போது பாதுகாப்புத் துறையின் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய அமைப்பு வழியாக வருகிறது. ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று பதிய வேண்டும், தவறினால் பணம் நிற்கும். களை பறித்துக் காய்த்த விரலில் ரேகை விழாது. இயந்திரம் திரும்பத் திரும்ப நிராகரிக்கும். கைப்பேசியில் முகம் காட்டிப் பதியலாம் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும். அதிலும் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற கட்டத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்காமல் பழக்கத்தில் பழைய வங்கியின் பெயரை அழுத்திவிட்டால், பதிவு வெற்றி என்று திரை காட்டும், சான்று சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. சில மாதம் கழித்துப் பணம் நின்ற பிறகுதான் தெரியும். இன்னொன்று, நம் ஊர் இனிஷியல். ஆதாரில் ஓரெழுத்து, ராணுவப் பதிவில் தந்தையின் முழுப்பெயர். இந்த ஒரு வேறுபாட்டில் எத்தனை மனுக்கள் திரும்புகின்றன! டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகச் சுவரில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரை வணங்குகிறேன். ஆனால் அந்த மனுவை எழுதித் தர அதனால் முடியாது.

மறுநாள் யார் இருப்பார் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் ஒரு நோட்டு: குடும்பம், தேங்கிய மனு, எந்த அலுவலகம், கொடுத்த தேதி. பதினைந்தாம் நாள் தொலைபேசி, மூன்றாம் மாதம் நேரில். அடுத்த ஆண்டு எந்த ஊர் வழியாகப் போவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த நோட்டில் இன்னும் முடியாமல் கிடக்கும் வரிகள்தான். இதைச் செய்யாத பயணத்துக்காக நான் வாதாட வரவில்லை, நடுவர் அவர்களே. செய்கிற பயணத்துக்குத் தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.