அடித்தவர் யார், காக்காதவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். துருக்கியைச் சேர்ந்த குர்து இனப் பெண் ஒருவர். கட்டாயத் திருமணம், மூன்று பெண் குழந்தைகள், கணவரிடம் அடி. வீட்டைவிட்டு வெளியேறி, பிறகு விவாகரத்தும் வாங்கினார். திரும்பிப் போனால் கணவர் வீட்டாரோ பிறந்த வீட்டாரோ மானத்தின் பேரால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று சொல்லி பல்கேரியாவில் தஞ்சம் கேட்டார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் இரக்கமில்லாமல் மறுத்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது. பெண் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அரசாங்கத்துக்குப் பயந்து ஓடியவர்களை மனத்தில் வைத்து எழுதியது அது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பயந்து ஓடுகிறவள் அதை எழுதியவர்கள் கணக்கில் வரவேயில்லை. "இது குடும்பத் தகராறு, நாங்கள் என்ன செய்வது?" என்று கோப்பை மூடுவதற்கு அதுவே வசதியாகப் போயிற்று.

அந்த வசதியை உடைத்தது 1999இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை; அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இரண்டு பாகிஸ்தான் பெண்கள், திரும்பினால் கள்ளத்தொடர்புப் பழி காத்திருக்கிறது என்றார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஹாஃப்மன் பிரபு நாஜி ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் ஒரு யூதரைக் கற்பனை செய்யச் சொன்னார். போட்டிக் கடைக்காரன் ஆள் வைத்துக் கடையை உடைக்கிறான். அவனுக்கு வேண்டியது வியாபாரம். ஆனால் போலீஸ் ஏன் வரவில்லை? கடைக்காரர் யூதர் என்பதால். அப்படியானால் அவர் இனத்துக்காகத்தான் துன்புறுத்தப்படுகிறார். கணவன் எதற்காக அடித்தான் என்பதோடு கேள்வியை நிறுத்தாதீர்கள், அரசு ஏன் கைவிட்டது என்றும் கேளுங்கள் என்பதுதான் இதன் சாரம். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இன்னும் எழுதப்படவில்லை.

சரி, பல்கேரியா வழக்குக்கு வருவோம். அது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2024 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டின் பெண்கள் எல்லோருமே "குறிப்பிட்ட சமூகக் குழு" ஆக முடியும் என்றது நீதிமன்றம். அகதித் தகுதிக்கான நிபந்தனைகள் பொருந்தாமல் போனாலும், மரபை மீறினாள் என்று சொந்தக் குடும்பமே கொல்லக்கூடிய உண்மையான ஆபத்து இருந்தால் துணைப் பாதுகாப்பு, அதாவது அகதி என்று ஏற்கப்படாதவருக்கும் தரும் பாதுகாப்பு, கொடுக்கலாம் என்றும் சொன்னது.

நீதிபதிகள் துணைக்கு எடுத்துக்கொண்டது பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய இஸ்தான்புல் உடன்படிக்கையை. அந்த ஊர் இருக்கும் துருக்கி 2021இல் அதிலிருந்து விலகிவிட்டது. பல்கேரியாவோ அதை ஏற்கவேயில்லை. அரசியல் சாசனத்துக்கு முரண் என்று அதன் அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. இரண்டு நாடுகளும் கைகழுவிய ஆவணம் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியமே அதில் சேர்ந்ததால் வந்த பலன் இது.

தீர்ப்பு வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் போக முடியாது. தஞ்சம் கேட்பவரை விசாரிக்கும் நேர்காணல் அறையில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: "உங்கள் நாட்டிலேயே வேறு ஊருக்குப் போயிருக்கலாமே?" தேடுவது அரசாக இல்லாதபோது இது நியாயமாகவே தோன்றும். ஆனால் தேடுகிறவர்கள் சித்தப்பாவும் மாமனும் அவர்களுடைய சிநேகிதர்களும். தனியாக வீடு வாடகைக்குக் கேட்கும் பெண்ணிடம் எல்லோரும் முதலில் விசாரிப்பது, நீ யார் வீட்டுப் பெண் என்பதைத்தான்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். அவர் அதே சமூகத்து ஆண் என்றால், வாய்திறந்தால் செய்தி ஊருக்குப் போய்விடுமோ என்று அவள் பாதியை விழுங்கிவிடுவாள். விழுங்கியதைப் பிறகு சொன்னால், "முதலில் ஏன் சொல்லவில்லை, இது ஜோடித்த கதை" என்று எழுதிவிடுவார்கள். பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர், குடும்பத்தாரிடமிருந்து பிரித்துத் தனி விசாரணை: வழக்கறிஞர்கள் முதல் நாளே இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டு நீதிபதியின் கையில் இருக்கப்போவது அந்த முதல் வாக்குமூலம்தான்.