எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

(காரைக்குடிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, குருவானவர் ஐயா அவர்களே, ஜெப வீட்டுப் போதகர் அவர்களே, இம்மூவரையும் ஒரே மேடையில் அமர வைத்த விழாக் குழுத் தலைவர் அண்ணன் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசை நகரத்தார் பெருமக்களே, ஆச்சிமார்களே, மில்லில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். முழங்கால் வலியோடு படியேறி வந்து போர்த்தினார். 1939-இல் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து நல்ல பேச்சைக் கேட்டுப் பழகிய ஊர் இது. இங்கே பேசக் கிடைத்ததே எனக்குப் பெருமை.

'தொழில் நகரமும் கிறிஸ்தவ சபைகளும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். மறவர் சீமையின் பழைய கத்தோலிக்க ஊர்கள், அப்புறம் சீர்திருத்த சபைகள், மூன்றாவது ஆலையும் ஆய்வகமும் வந்த பிறகு இங்கு முளைத்த சபைகள், நான்காவது கல்லறைத் தோட்டங்கள். எல்லாம் சொல்லி முடித்துக் கோயில் ஏடுகளைப் பற்றி ஒரு கோரிக்கையும் வைப்பேன்.

முதல் செய்தி. தேவகோட்டையிலிருந்து திருவாடானை தாண்டிப் போனால் ஓரியூர். லிஸ்பன் நகரத்துப் பிரபு குடும்பத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, அங்கேதான் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். மறவர் தலைவர் தடியத் தேவர் அவரால் மனம் மாறி ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி வீட்டுப் பெண். அதிலிருந்து கிளம்பிய கோபம் அந்தத் தலையில் வந்து முடிந்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சாவதற்கு முதல் நாள், சிறையில் மையும் இல்லை, பேனாவும் இல்லை. கரியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பைத் தொட்டுத் தம் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் உயிர் போகப் போகிறது என்று தெரிந்தும் எழுதினார். எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

மருது சகோதரர்கள் மானியம் அளித்த சருகணிக் கோயில் இருக்கிறது. 1894-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் செல் கட்டிய இடைக்காட்டூர் ஆலயம் இருக்கிறது. கோவா ஆட்சிக்கு உட்பட்ட குருக்கள் ஒரு பக்கம், ரோமாபுரி நேரடியாக அனுப்பிய இயேசு சபையார் மறுபக்கம் என்று ஊர் ஊராகப் பிரிந்து நின்ற வழக்கு இருக்கிறது. அதில் புகுந்தால் இன்று இரவு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

சீர்திருத்த சபைகளுக்கு வருவோம். 1706-இல் ஜெர்மனியின் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த லுத்தரன் மரபுதான் 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயிற்று. 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் வளர்த்த சபைகள் பிறகு சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. 1947 ஒரு விசேஷமான ஆண்டு. ஜூன் 22-இல் அருளானந்தருக்கு ரோமில் புனிதர் பட்டம். செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், ஐக்கிய சபையார் எல்லோரும் சென்னையில் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். லுத்தரன்கள் அதில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது தனிப் பேச்சு. ஆனால் சேராததால் அவர்களுடைய ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள் ஒரு நிர்வாகத்தில், இவர்களுடைய ஏடுகள் வேறொரு நிர்வாகத்தில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்கு வருகிறேன். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். கல்லூரிகள் வந்தன, மில்கள் வந்தன, பக்கத்துப் புதுவயலில் அரிசி ஆலைகள் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் சபையையும் கொண்டு வந்தார்கள். தொழில் நகரத்தில் ஒரே குடும்பத்துக்குள் மூன்று சபை இருப்பது அதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வு பெற்றவர். பென்ஷனுக்கு வயதுச் சான்று கேட்டார்கள். மில்லில் சேர்ந்தபோது மேஸ்திரி ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு வயதைப் போட்டுவிட்டார். அதில் மூன்று வயது கூடுதல். பள்ளிக்கூடச் சான்று கிடையாது. அப்பா கத்தோலிக்கர், ஆகவே அப்பா ஊர்க் கோயிலுக்குப் போனார். பங்குத்தந்தை ஏட்டைப் புரட்டினார். தம்பி பெயர் இருக்கிறது, தங்கை பெயர் இருக்கிறது, இவர் பெயர் மட்டும் இல்லை. மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். சரி என்று மனைவியின் சபையான சி.எஸ்.ஐ. கோயிலில் கேட்டார். அங்கே திருமணப் பதிவில் வயது இருந்தது, அதுவும் மில்லில் போட்ட அதே வயது. மகன் தன் ஜெப வீட்டில் உபவாச ஜெபம் வைத்தான். கடைசியில் வழி காட்டியவர் ஒரு கிழவி, இவருடைய அத்தை. "ஏண்டா, தலைப்பிள்ளையை எங்கடா பெத்துக்குவாங்க? ஆத்தா ஊருலதானே!" என்றார். அம்மா புதுக்கோட்டைப் பக்கம், லுத்தரன் குடும்பம். நானும் கூடப் போனேன். உபதேசியார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். தடித்த அட்டை, சிவப்புத் துணி முதுகு. தொட்டதும் ராமபாணப் பூச்சி ஓடியது. பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மேல்பாதியில், பழுப்பேறிய மையில், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், அடியில் குருவானவர் கையெழுத்து. இன்னும் இரண்டு விரற்கடை ஏறியிருந்தால் அதுவும் போயிருக்கும். அவர் இப்போது பென்ஷன் வாங்குகிறார். அந்தக் கரையான் தின்ற பாதியில் இருந்தவர்கள் யார்? அவர்களுக்கு யார் பதில் சொல்வது? எழுதிய கடனையே கரையானுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அழுது என்ன பயன்?

நகரத்தார் பெருமக்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரத்தை எழுதாமல் விடுவீர்களா? எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன், யார் மகள் என்று எழுதி வைத்த மரபு உங்களுடையது. ரங்கூன் கடைப் பேரேட்டை இன்றும் பெட்டகத்தில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த அக்கறை கோயில் ஏடுகளுக்கும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று ஏடுகளில் இந்த மண்ணின் ஏழை சனங்களின் வரலாறு இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தார், எந்தக் காய்ச்சலில் எத்தனை குழந்தைகள் போயின, எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லை.

கல்லறைகளைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடையில் இருக்கும் மூன்று பெரியவர்களிடமும் கேட்கிறேன். ஏடு உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். ஒரு பக்கம்கூட வெளியே போக வேண்டாம். உங்கள் கண் முன்னால், உங்கள் மேசையில் வைத்தே படம் எடுக்க அனுமதி கொடுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி உங்கள் மறைமாவட்டத்துக்கோ தலைமை நிலையத்துக்கோ. உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளை யாருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனையையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். மழைக்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும். நன்றி, வணக்கம்.