கையை விட்டுப் போனாத்தான் தெரியும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும், நம்ம சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு வந்துட்டு பந்தி எப்ப போடுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கிற உங்க எல்லாருக்கும் தோத்திரம், வணக்கம்.

தலைப்பு என்னன்னா, கடவுளுக்கு முதலிடம் கொடுக்க சொத்தை விடணுமா, சொத்து மேல உள்ள பற்றை விட்டா போதுமா. நாங்க விடணும்ங்கற அணி. எதிரணி அண்ணன் வந்தாரு, மனசுல பற்று இல்லாம இருந்தா போதும்னாரு, ஆபிரகாம் பணக்காரர், அரிமத்தியா யோசேப்பு பணக்காரர், நம்ம தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ராஜாக்களோட பழகினவர்னு அடுக்கிட்டு உக்காந்துட்டாரு, செம கைத்தட்டல். வராம இருக்குமா, பர்ஸைத் தொறக்கச் சொல்லாத பிரசங்கம்ல!

சரி, அவர் சொன்ன ஆளுங்களையே எடுத்துக்குவோம். ஆபிரகாம். பைபிள்ல ஆதியாகமம் 13ல அவரோட மேய்ப்பருக்கும் லோத்தோட மேய்ப்பருக்கும் மேய்ச்சலுக்காகத் தகராறு. பெரியவர் இவரு, லோத்து சகோதரன் மகன், எனக்கு இந்தப் பக்கம் உனக்கு அந்தப் பக்கம்னு இவரே பிரிச்சிருந்தா யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா நீ முதல்ல எடுத்துக்கப்பான்னாரு, அவனும் கூச்சமே இல்லாம நல்லா தண்ணி பாயுற யோர்தான் சமவெளியைப் பாத்து எடுத்துக்கிட்டான். நம்ம பாஷையில சொன்னா தலைமடையை அவன்கிட்ட விட்டுட்டு கடைமடைக்குப் போன மனுஷன் அவரு. இது என்ன விலைன்னு டெல்டாக்காரங்களுக்கு நான் விளக்கணுமா? ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி திறந்தா கல்லணை தாண்டி நாகப்பட்டினம் பக்கம் கடைசி வயலுக்கு வர்றதுக்குள்ள மேல இருக்கறவங்க நாத்து விட்டு முடிச்சிருப்பாங்க, சில வருஷம் குறுவையே கிடையாது. அப்படி இருக்க, பங்காளி வரப்புல அரை அடி வெட்டிட்டாலே சர்வேயரைக் கூப்பிடுறோம், தாசில்தார் ஆபீஸுக்கு நடக்குறோம், கேஸு அப்பன் காலத்துலேர்ந்து மவன் காலம் வரைக்கும் ஓடுது, ஆனா கேட்டா எங்களுக்குப் பற்று இல்லியாம்.

அரிமத்தியா யோசேப்பு பணக்காரர்தான், ஒத்துக்கறேன். தனக்குன்னு கன்மலையில புதுசா வெட்டி வச்சிருந்த கல்லறையை இயேசுவுக்குக் கொடுத்தாரு பாருங்க, அதனாலதான் அவர் பேரே நமக்குத் தெரியுது.

சுவார்ட்ஸ் ஐயர் கதை இன்னும் நல்லா இருக்கும். 1779ல சென்னையில இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் அவரை மைசூரை ஆண்ட ஹைதர் அலிகிட்ட தூது அனுப்பிச்சு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு. திரும்பும்போது ஹைதர் அலி வழிச்செலவுக்குன்னு 300 ரூபா கொடுத்து விட்டாரு. அந்தக் காலத்து 300 ரூபாங்க! நம்ம ஐயர் அதைக் கொண்டு போய் கம்பெனி அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கிறாரு, அவங்க நீங்களே வச்சுக்குங்கங்கறாங்க, அப்பவும் வச்சுக்கல, தஞ்சாவூர்ல ஏழைப் பிள்ளைங்க படிக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமா போட்டுட்டாரு. ராஜாக்களோட பழகினாருன்னு பாதிக் கதைய சொல்லிட்டு மீதியை விட்டுட்டீங்களேண்ணே.

இப்ப முக்கியமான ஆளு, அண்ணன் மறந்தாரா மறைச்சாரான்னு தெரியல, மாற்கு 10ல வர்ற பணக்காரன். சின்ன வயசுலேர்ந்து எல்லாக் கட்டளையும் கைக்கொண்டவன், இயேசுவே அவனைப் பாத்து அன்பு கூர்ந்தாருன்னு எழுதியிருக்கு. நீ பொருளாசை பிடிச்சவனான்னு அவன்கிட்ட கேட்டிருந்தா சத்தியமா இல்லன்னு சொல்லியிருப்பான், பொய்யும் இல்ல, அவன் அப்படித்தான் நம்புனான். போய் வித்து தரித்திரருக்குக் கொடுன்னு சொன்னப்பதான் முகம் வாடிப் போச்சு. தனக்குள்ள அவ்வளவு பற்று இருக்குன்னு அந்த நிமிஷம்தான் அவனுக்கே தெரியுது. என் பாயிண்ட் இவ்வளவுதாங்க, கை திறக்காம மனசுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, நமக்கே தெரியாது.

எல்லாத்தையும் வித்துட்டு நடுத்தெருவுல நில்லுன்னு நான் சொல்ல வரல. வரி வசூல் பண்ணின பணக்காரன் சகேயு சொத்துல பாதிதான் ஏழைங்களுக்குக் கொடுத்தான், அன்னைக்கே அவன் வீட்டுக்கு ரட்சிப்பு வந்துச்சு. நிலத்தை வித்துட்டு பணத்துல கொஞ்சத்தை மறைச்ச அனனியாகிட்ட பேதுரு, விக்கிறதுக்கு முன்னாடி அது உன்னோடதுதானேன்னு கேக்குறாரு, அப்ப கட்டாயமும் இல்ல. ஆனா கட்டாயம் இல்லங்கறதை வச்சே சாகுற வரைக்கும் ஒண்ணும் கொடுக்காம ஓட்டிடலாம்னா எப்படி? (பண்டிகை ஏலத்துல, காணிக்கையா வந்த ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துட்டு மைக்ல பேரை ரெண்டு தடவ சொல்லச் சொல்றது இந்தக் கணக்குல வராதுங்க, அது விளம்பரச் செலவு.)

நடுவர் ஐயா மணி அடிக்கப் போறாருன்னு தெரியுது. எதிரணியில அடுத்து வர்ற அண்ணனுக்கு ஒரே கேள்வி. பைபிள்ல பற்று இல்லாதவர்னு நீங்க காட்டுற யாரா இருந்தாலும் சரி, அவர் கையை விட்டு எதுவுமே போகாம, பற்று இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காருங்க. நன்றி, வணக்கம்.