தோளில் பிசிஜி தழும்பு இருந்தும் காசநோய் ஏன் வருகிறது?

அடுத்த கேள்வி. “என் தோளில் பிசிஜி தடுப்பூசித் தழும்பு இருக்கிறது, ஆனாலும் காசநோய் வந்துவிட்டது. கோவிட்டுக்கு ஒரே வருடத்தில் தடுப்பூசி வந்ததே, இதற்கு ஏன் 1921-ஆம் ஆண்டு ஊசியையே கட்டிக்கொண்டு அழுகிறோம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதுதான்.

பிசிஜி வீண் இல்லை. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை நன்றாகவே தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரலில்தான் கைவிட்டுவிடுகிறது. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில் பெரியவர்களுக்குப் பலனே தெரியவில்லை.

சிக்கல் கிருமி குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. நுரையீரலுக்குள் நுழையும் கிருமியை மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணு விழுங்குகிறது. விழுங்கியதை அமிலப் பைக்குள் தள்ளிச் செரிக்க வேண்டும். அந்த வழியைக் கிருமி அடைத்துவிட்டு உள்ளேயே பெருகுகிறது. போலீஸ் ஸ்டேஷனிலேயே திருடன் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட கதை! ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களால் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. டி அணுக்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து உசுப்பினால்தான் மேக்ரோபேஜ் விழித்துக்கொள்ளும். எச்ஐவி இந்த டி அணுக்களை அழிப்பதால்தான் எச்ஐவி உள்ளவர்களைக் காசநோய் அவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது.

அப்படியானால் டி அணுக்களைப் பெருக்கும் ஊசி போதுமே? எம்விஏ85ஏ என்ற தடுப்பூசி அதைத்தான் செய்தது. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் சோதித்து 2013-இல் முடிவு வந்தபோது, டி அணுக்கள் கூடியிருந்தன, பாதுகாப்பு மட்டும் கூடவில்லை. இன்னொரு பக்கம், புற்றுநோய்க்காக டி அணுக்களின் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்து எடுத்தவர்களில் சிலருக்குக் காசநோய் கிளம்பியிருக்கிறது. குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து.

எனக்கு மிகவும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. மற்ற பல கிருமிகள் நம் டி அணுக்களிடம் சிக்காமலிருக்க வேஷம் மாற்றும். காசநோய்க் கிருமி பெரும்பாலும் மாற்றுவதே இல்லை. நம் அணுக்கள் அடையாளம் கண்டு சண்டை போடட்டும் என்றே இருக்கிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். சண்டையில் நுரையீரல் குழிந்தால் இருமல் வரும். அடுத்த ஆளிடம் போக அதற்கு இருமல்தானே பஸ்!

இப்போது நம்பிக்கை தருவது எம்72 தடுப்பூசி. கிருமி உடலில் இருந்தும் நோய்வாய்ப்படாத ஆப்பிரிக்கப் பெரியவர்களிடம், மூன்று ஆண்டுகளில் நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பெரிய அளவிலான சோதனை 2024-இல் தொடங்கியது. கோவிட் வேகம் இதில் வராது. பாதுகாப்பு வந்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை காசநோய்க்கு இல்லை. ஊசி போட்டுவிட்டு, யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.